கைப்பிடிச் சுவரை அளப்பது யார்?

சென்னையை அடுத்த திருமுல்லைவாயலில் 2024 ஏப்ரல் இறுதியில் நடந்த நிகழ்வை யாரும் எளிதில் மறந்திருக்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் நின்றிருந்த தாயின் கையிலிருந்து நழுவிய கைக்குழந்தை, கீழ்த்தளத்தின் சாய்வுக் கூரை விளிம்பில் தங்கி நின்றது. கீழே சிலர் போர்வையை விரித்துப் பிடித்திருக்க, சன்னல் வழியே வெளியே ஏறிய ஒருவர் குழந்தையை எட்டிப் பிடித்து மீட்டார். அந்தக் காணொலியை நாடே பார்த்தது. குழந்தை பிழைத்தது. ஆனால், முன்பின் அறியாதவர்களெல்லாம் அந்தத் தாயின் கவனக்குறைவைப் பற்றிச் சமூக ஊடகங்களில் தீர்ப்பு எழுதினார்கள். சில வாரங்களிலேயே அந்தத் தாய் உயிரிழந்தார் என்ற செய்தியும் வந்தது.

இத்தனை இரைச்சலுக்கிடையே, அந்தப் பால்கனித் தடுப்பின் உயரம் என்ன என்ற கேள்வி பொதுவெளியில் பெரிதாக எழவே இல்லை. அந்தத் தடுப்பு விதிப்படி இருந்ததா, இல்லையா என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்படியொரு கேள்வி நமக்குத் தோன்றாமல் போனது ஏன் என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியது. ஒரு பாலம் இடிந்தால் பொறியாளரையும் ஒப்பந்ததாரரையும் தேடுகிறோம். ஒருவர் மாடியிலிருந்து விழுந்தால் விழுந்தவரையோ, அவரைப் பார்த்துக்கொள்ளத் தவறியவரையோ தேடுகிறோம். கைப்பிடியும் கிராதியும் கைப்பிடிச் சுவரும் அழகுக்கான பொருள்கள். உயிர் காக்கும் கட்டுமான உறுப்புகள் அல்ல என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

விதிகள் இல்லாமல் இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மொட்டைமாடி, பால்கனி, தாழ்வாரம் ஆகியவற்றின் விளிம்பில் அமையும் தடுப்பு, முடிவுற்ற தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் முதல் 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. இந்த எண் எங்கிருந்தோ வந்ததன்று. நிற்கும் மனிதரின் எடைமையம் அவரது உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே, தொப்புளையொட்டி அமைகிறது. ஐந்தரை அடிக்கு மேல் உயரமுள்ளவருக்கு அது தரையிலிருந்து ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தடுப்பு அதற்கு மேலே இருந்தால், தடுமாறிச் சாய்பவர் அதில் மோதி நிற்பார். கீழே இருந்தால், அதே தடுப்பு அவரைக் கவிழ்த்துவிடும் நெம்புகோலாக மாறும். 85 சென்டிமீட்டர் சுவருக்கும் 105 சென்டிமீட்டர் சுவருக்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் 20 சென்டிமீட்டர் செங்கல் அன்று. இயற்பியல் விதி எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்பதுதான்.

உயரம் மட்டுமல்ல, வலிமைக்கும் கணக்கு உண்டு. கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளை வரையறுக்கும் இந்தியத் தரநிலை 875-இன் இரண்டாம் பகுதி (1987) கைப்பிடிகளுக்கென்றே தனி அட்டவணை தருகிறது. வீட்டு மாடிப்படி, பால்கனிகளின் கைப்பிடி, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 0.35 கிலோநியூட்டன் பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும். அதாவது ஏறத்தாழ 36 கிலோ எடை தள்ளுவதற்கு ஈடு. பிற கட்டடங்களின் படிக்கட்டு, பால்கனி, கூரைத் தடுப்புகளுக்கு இது 0.75 கிலோநியூட்டன். திரையரங்கு, பள்ளி, வழிபாட்டிடம் போலக் கூட்டம் நெருக்கியடிக்கக்கூடிய இடங்களுக்கு 2.25 கிலோநியூட்டன். மீட்டருக்கு 229 கிலோ. வீட்டுக் கணக்கைப் போல ஆறு மடங்குக்கும் மேல்.

இந்த மூன்று எண்களையும் கையில் வைத்துக்கொண்டு தென் சென்னையைச் சுற்றி வந்தால், விதிக்கும் நடைமுறைக்கும் இடையிலான இடைவெளி கண்ணுக்குத் தெரியும்.

முதலில் மயிலாப்பூர். பங்குனிப் பெருவிழாவில் கபாலீசுவரர் தேரும், அறுபத்துமூவர் உலாவும் மாட வீதிகளைச் சுற்றி வரும் நாள்களில் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. வீதியை நோக்கிய வீடுகளின் பால்கனிகளும் மொட்டைமாடிகளும் உறவினர், நண்பர், முன்பின் தெரியாத பக்தர் என நிரம்பி வழியும். சுவாமி நெருங்கும்போது பின்வரிசையில் நிற்பவர்கள் எக்கிப் பார்ப்பார்கள். முன்வரிசை தடுப்பின்மீது அழுந்தும். ஒரு குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட பால்கனி, ஆண்டுக்குச் சில மணி நேரம் திரையரங்கின் மேல்தளமாகிவிடுகிறது. 36 கிலோவுக்குக் கணக்கிடப்பட்ட கிராதி 229 கிலோவுக்கான வேலையைச் செய்கிறது. அந்த வீடுகளில் பல, அந்த 36 கிலோ கணக்கு எழுதப்படுவதற்கும் முன்னால் கட்டப்பட்டவை. இதுவரை பெரிதாக எதுவும் நடக்கவில்லையே என்பார்கள். பழைய சுவர்களின் தடிமனும், முன்னோர் கட்டிய கைப்பிடிச் சுவரின் கனமும் காப்பாற்றி வருகின்றன என்பதே உண்மை. அவற்றை இடித்துவிட்டு எழும் புதிய அடுக்ககங்களில் அதே இடத்தில் மெல்லிய குழாய்க் கிராதி வருகிறது. கூட்டம் மட்டும் மாறவில்லை.

தியாகராய நகரின் சிக்கல் வேறு. குடியிருப்பாகத் திட்டமிடப்பட்ட தெருக்கள் இரண்டு தலைமுறைக்குள் கடைவீதிகளாக மாறின. வீட்டின் வரவேற்பறை நகைக்கடை ஆனது. படுக்கையறை துணிக்கடை ஆனது. மாடிப்படி மட்டும் வீட்டு மாடிப்படியாகவே நின்றுவிட்டது. அதன் அகலமும் கைப்பிடியும் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கானவை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறி இறங்குவோர் எண்ணிக்கையை அந்த வீட்டைக் கட்டியவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். கட்டடத்தின் பயன்பாடு மாறும்போது கைப்பிடியின் மீதான சுமைக் கணக்கும் மாற வேண்டும் என்பது தரநிலையில் இருக்கிறது. மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்கும் ஏற்பாடு இல்லை.

விதிமீறல்களை வரன்முறைப்படுத்தும் கதையும் இதனுடன் சேர்ந்ததே. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, கட்டணம் செலுத்தினால் விதிமீறல்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஒருமுறை மட்டுமே என்ற அடிப்படையில் உச்சநீதிமன்றம் 2000-இல் அதை ஏற்றது. பின்னர் 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டடங்களுக்காக 2012-இல் 113-சி வந்தது. பக்கத்திறவிடம் எவ்வளவு குறைந்தது, தளப்பரப்பு எவ்வளவு மிகுந்தது என்றெல்லாம் அளந்து விலை வைக்கப்பட்டது. வாகன நிறுத்துமிடம் இல்லாததற்கும் விலை உண்டு. படிக்கட்டின் கைப்பிடி ஆடுகிறதா என்பதற்கு மட்டும் விலை இல்லை; எனவே அது பேச்சுக்கே வரவில்லை. கட்டட ஒழுங்குமுறை என்று நாம் அழைப்பது, பெரும்பாலும் நிலத்தின் மதிப்பைப் பங்கிடுவதற்கான ஒழுங்குமுறைதான். ஒரு சதுர அடி கூடினால் அதில் பணம் இருக்கிறது. ஆகவே அதிகாரியும் அண்டை வீட்டுக்காரரும் நீதிமன்றமும் அளவுநாடாவை எடுக்கிறார்கள். கிராதியின் உயரத்தில் யாருக்கும் லாபமில்லை.

இன்றைய நிலை என்ன? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், கட்டி முடித்த பின் நிறைவுச் சான்று பெறுவதைக் கட்டாயமாக்கின. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பிறகு வந்த விழிப்பின் தொடர்ச்சி அது. நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பு இல்லை என்ற நிபந்தனை நல்ல பலனைத் தந்தது. ஆனால் சிறிய குடியிருப்புகளுக்குத் தொடக்கத்திலேயே விலக்கு இருந்தது. 2024-இல் அந்த விலக்கு 14 மீட்டர் உயரம், 8 வீடுகள், 750 சதுர மீட்டர் என்ற வரம்பு வரை விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்டுவோருக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டது. அங்கும் கள ஆய்வு இல்லை. நிறைவுச் சான்று இல்லை.

சிறு வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்தை அலுவலகப் படிக்கட்டில் ஏற்றி இறக்காமல் இருப்பது நல்ல நோக்கமே. அந்த அலைச்சலும், அதனூடே கைமாறும் தொகைகளும் யாரும் அறியாதவை அல்ல. ஆயினும் 750 சதுர மீட்டர் என்பது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அது 8,000 சதுர அடிக்குச் சற்று அதிகம். மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒன்றரை கிரவுண்டு மனையில், இன்றைய தளப்பரப்புக் குறியீடான 2 என்ற அளவுக்கு முழுமையாகக் கட்டினாலும் 7,200 சதுர அடிதான் வரும். அதாவது, இப்பகுதிகளில் பழைய வீட்டை இடித்துக் கூட்டு முயற்சியில் எழுப்பப்படும், கீழே வாகன நிறுத்துமிடமும் மேலே நான்கு தளங்களும் கொண்ட வழக்கமான அடுக்ககங்களில் ஒரு பெரும் பகுதி, கட்டி முடித்த பின் எந்த அரசு அலுவலரின் பார்வையும் படாமலேயே குடிபுகக்கூடிய வரம்புக்குள் வந்துவிட்டது. 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவருக்கு அந்தக் கட்டடத்தில் 8 வீடுகள் இருந்தனவா, 80 இருந்தனவா என்பதில் வேறுபாடு இல்லை. 2024 டிசம்பரில் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்சநீதிமன்றம், நிறைவுச் சான்று பெற்ற பின்னரே மின்சாரம், குடிநீர் போன்ற இணைப்புகள் தரப்பட வேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டதையும் இங்கே நினைவில் கொள்வது நல்லது.

நிறைவுச் சான்று இருந்தால் மட்டும் கிராதி சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. அந்தச் சான்றுக்கான ஆய்வில் முதன்மையாகப் பார்க்கப்படுபவை திறவிடம், உயரம், தளப்பரப்பு, வாகன நிறுத்தம் ஆகியவை. வரைபடத்தில் கிராதி என்பது ஒரு மெல்லிய கோடு. கட்டுமானப் பொறியாளரின் கணக்கு தூணோடும் உத்தரத்தோடும் முடிந்துவிடுகிறது. கிராதியின் வடிவத்தை உள்அலங்காரக்காரர் தேர்வு செய்கிறார்; அதைப் பொருத்துபவர் பக்கத்துத் தெரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர். உயிர் காக்கும் உறுப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் இந்த நான்கு பேரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். இடையில் தொழிலாளர்களையும் சொல்ல வேண்டும். கட்டுமானத்தில் கடைசியாகப் பொருத்தப்படுவது கிராதி என்பதால், தளம் போட்ட நாளிலிருந்து வண்ணம் பூசும் நாள்வரை அந்தத் திறந்த விளிம்பில் நடமாடுபவர்கள் அவர்கள்தான். தற்காலிகத் தடுப்பு வேண்டும் என்று கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விதிகள் சொல்கின்றன. எத்தனை சிறு கட்டுமானங்களில் சவுக்குக் கழியாவது குறுக்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தெருவில் நின்று பார்த்தாலே தெரியும்.

பொருத்தும் விதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆபத்தின் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர், திருவான்மியூர் வரை கடற்காற்றில் உப்பு உண்டு. துருப்பிடிக்காத எஃகு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல தரங்கள் உள்ளன. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 தரம் மலிவு. 304 தரம் அதைவிட மேல். மாலிப்டினம் கலந்த 316 தரமே கடலோரத்துக்கு ஏற்றது. பளபளப்பில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். விலையைக் குறைக்க வேண்டிய ஒப்பந்தக்காரர் எதைத் தேர்வு செய்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடக் கவலைக்குரியது அடித்தகடு. கிராதிக் கம்பத்தைத் தளத்தில் இறுக்கும் திருகாணிகள், பல இடங்களில் கான்கிரீட்டுக்குள் ஆழமாக இறங்காமல், டைல்ஸையும் அதன் கீழுள்ள பூச்சுக் கலவையையும் மட்டுமே பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதன்மேல் அழகான உலோகக் கிண்ணம் ஒன்று கவிழ்க்கப்பட்டு விடுவதால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. மழைநீர் இறங்கும்; ஆணி துருப்பிடிக்கும்; துரு உப்பிச் சுற்றியுள்ள பூச்சை வெடிக்கச் செய்யும். கையை வைத்து அசைத்தால் கம்பம் ஆடும். "கொஞ்சம் லூஸாக இருக்கிறது, பிறகு பார்ப்போம்" என்று சொல்லிக் கடந்துபோவது அந்த நிலையைத்தான்.

வடிவமும் ஒரு சிக்கல். கடந்த இருபது ஆண்டுகளில் நிமிர்ந்த கம்பிகளுக்குப் பதிலாகக் கிடைமட்டக் குழாய்கள் நாகரிகமாகிவிட்டன. மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஏணி. பிரிட்டனின் கட்டட விதிகள், சிறுவர்கள் புழங்கும் கட்டடங்களில் தடுப்பு எளிதில் ஏறக்கூடியதாக இருக்கக் கூடாது என்றும், 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து எந்த இடைவெளியிலும் நுழையக் கூடாது என்றும், பால்கனித் தடுப்பு 1,100 மில்லிமீட்டர் உயரம் வேண்டும் என்றும் சொல்கின்றன. 100 மில்லிமீட்டர் என்பது நான்கு அங்குலம். நம் ஊரில் ஆறு அங்குல இடைவெளி சர்வ சாதாரணம். தவழும் குழந்தையின் உடல் ஆறு அங்குல இடைவெளியில் கால் பக்கமாக வெளியே போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும். கண்ணாடித் தடுப்புகள் இன்னொரு வகை. பதப்படுத்திய கண்ணாடி மட்டும் போதாது. அது உடைந்தால் முழுப் பலகையும் சிறு துகள்களாக உதிர்ந்து, தடுப்பே இல்லாமல் போகும். உடைந்தாலும் இடைப்படலம் பிடித்து நிறுத்தும் அடுக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியால் மனிதர்களுக்கு நேரும் ஆபத்துகளுக்கென்றே இந்தியத் தரநிலை 16231-இன் நான்காம் பகுதி இருக்கிறது. வீடு வாங்குபவரில் அதைக் கேட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்?

உயரம் சரியாக இருந்த வீட்டிலும் அது காலப்போக்கில் குறைந்துவிடுகிறது என்பது பலரும் கவனிக்காத செய்தி. மொட்டைமாடி ஒழுகுகிறது என்று செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவையை மறுபடி பரப்பித் தட்டோடு பதிக்கிறோம். சில ஆண்டுகள் கழித்து வெயில் தாங்கவில்லை என்று அதன்மேலேயே கூலிங் டைல்ஸ். ஒவ்வொரு முறையும் தரை உயர்கிறது, சுவர் உயர்வதில்லை. 1 மீட்டராக இருந்த கைப்பிடிச் சுவர் 85 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. விதி, முடிவுற்ற தரைமட்டத்திலிருந்து என்று சொல்வதன் பொருள் இதுதான். பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதி, பூந்தொட்டி மேடை ஆகியவை வந்துசேரும்போதும் குழந்தையின் கணக்கில் தரைமட்டம் உயர்ந்துவிடுகிறது.

நம் குடும்பங்கள் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு கம்பிவலை. தரையிலிருந்து கூரைவரை பால்கனியைக் கூண்டாக்கிவிடுவது. அண்மைக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எஃகு வடங்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது நியாயமான அச்சம்தான். ஆனால் பூட்டில்லாத திறப்பு ஒன்றுகூட வைக்காமல் அடைத்துவிட்டால், தீ விபத்தில் வெளியேறும் கடைசி வழியும் போய்விடும். புறாவுக்காகக் கட்டிய நைலான் வலையைக் குழந்தைக்கான பாதுகாப்பு என்று நம்புவோரும் உண்டு. அரசும் கட்டுநரும் செய்யாமல் விட்டதைத் தனித்தனிக் குடும்பங்கள் தம் சொந்தச் செலவில், அரைகுறை அறிவோடு செய்துகொள்கின்றன.

முதியோரின் நிலை குழந்தைகளினும் மோசம். ஆனால் அதற்குக் காணொலி இருப்பதில்லை. உலக அளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. சாலை விபத்துகளுக்கு அடுத்தபடியாக எதிர்பாராக் காயங்களால் நேரும் இறப்புகளுக்கு இதுவே காரணம். அறுபது வயதைக் கடந்தவர்களிடையே இது மிக அதிகம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2021 அறிக்கைப்படி, மக்கள்தொகையில் முதியோர் பங்கில் கேரளத்துக்கு (16.5%) அடுத்த இடத்தில் தமிழ்நாடு (13.6%) இருக்கிறது. பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்க, மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, பெசன்ட் நகர் அடுக்ககங்களில் தனித்து வாழும் மூத்தோரை நாம் அறிவோம். அவர்களுடைய மாடிப்படியில் கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அதுவும் கடைசிப் படிக்கு ஒன்றிரண்டு படி முன்பே முடிந்துவிடும். கண் மங்கியவர், கைப்பிடி முடிந்ததால் படியும் முடிந்தது என்று எண்ணிக் காலை வைக்கும் இடம் அதுவே. சில பழைய வீடுகளில் செங்குத்தான படிக்கு மேலிருந்து தடித்த கயிறு ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். கைப்பிடியின் இன்றியமையாமை அக்காலத்தவருக்குத் தெரிந்திருந்தது.

மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அணுகல் வழிகாட்டுநெறிகள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன: இருபுறமும் கைப்பிடி, 760, 900 மில்லிமீட்டர் என இரண்டு உயரங்களில், முதல் படிக்கு முன்னும் கடைசிப் படிக்குப் பின்னும் 300 மில்லிமீட்டர் நீட்சி, கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க ஏதுவாக 38 முதல் 45 மில்லிமீட்டர் விட்டம், சுவருக்கும் கைப்பிடிக்கும் இடையே 50 மில்லிமீட்டர் இடைவெளி. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016), இருக்கும் பொதுக் கட்டடங்களையெல்லாம் விதிகள் அறிவிக்கப்பட்ட ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்றது. அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் தென் சென்னையின் பறக்கும் ரயில் நிலையங்களில், வங்கிக் கிளைகளில், திருமண மண்டபங்களில் ஏறி இறங்கிப் பார்த்தால், மேற்சொன்ன ஐந்து அளவுகளும் ஒருசேர அமைந்த படிக்கட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை, கூட்டத்தைக் கருத்தில் கொண்டு புதிதாகக் கட்டினால் எப்படிக் கட்ட முடியும் என்பதற்கு அருகிலேயே இருக்கும் சான்று. அதிலிருந்து இறங்கி எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பழைய மாடிப்படிதான்.

அரசே கட்டி, அரசே பராமரிக்க வேண்டிய குடியிருப்புகளின் நிலை இன்னும் வருத்தமளிப்பது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் மேல்தளத்துச் சன்ஷேடு பெயர்ந்து விழுந்து, கீழே வந்த இளைஞர் ஒருவர் இறந்தார். மயிலாப்பூர்க் கோயிலிலிருந்து நடந்து போகும் தொலைவு. அது கிராதி அன்று. ஆனால் காரணம் ஒன்றே. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பிளந்து, பல ஆண்டுகளாக எல்லோர் கண்ணெதிரிலும் பெயர்ந்துகொண்டிருந்ததை யாரும் முறையாக ஆய்ந்து பதிவு செய்யவில்லை. சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. தில்லி சாந்தினி சௌக்கில் 1951-இல் மணிக்கூண்டு இடிந்து மூவர் இறந்த வழக்கில், வெளிப்படையாகத் தெரிந்த பழுது மட்டுமல்ல, உரிய ஆய்வு செய்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய பழுதுக்கும் மாநகராட்சியே பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் 1966-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

பிற நகரங்கள் என்ன செய்தன? நியூயார்க்கில் குழந்தைகள் சன்னல் வழியே விழுவது தொடர்ந்தபோது, பெற்றோரைத் திட்டுவதோடு அந்நகரம் நிற்கவில்லை. 10 வயதுக்குட்பட்ட குழந்தை வசிக்கும் அடுக்ககங்களில் சன்னல் தடுப்பு பொருத்துவது வீட்டு உரிமையாளரின் கடமை என்று 1976-இல் விதி கொண்டுவந்தது. விழுந்த குழந்தைகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 2015 ஜூனில் பால்கனி ஒன்று ஒடிந்து விழுந்து ஆறு இளைஞர்கள் இறந்தனர். மூன்றாண்டுகளுக்குச் சற்று மேல் கழிந்த நிலையில், பல வீடுகள் கொண்ட வாடகைக் கட்டடங்களின் மரத்தாலான பால்கனிகளையும் படிக்கட்டுகளையும் அவற்றின் கைப்பிடிகளோடு சேர்த்து ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வல்லுநர் ஆய்வு செய்வதை அந்த மாநிலம் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் 2022 முதல், 13 மீட்டருக்கு மேல் உயரமும் 20 ஆண்டுக்கு மேல் வயதும் உடைய கட்டடங்களின் வெளிமுகப்பை ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும்.

நம்மிடமும் பேரிடருக்குப் பின் சட்டம் வரும். கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பின் பள்ளிக் கட்டட விதிகள் இறுகின. மவுலிவாக்கத்துக்குப் பின் பல மாடிக் கட்டட விதிகள். ஆனால் கைப்பிடி இல்லாததால் நேரும் சாவு ஒவ்வொன்றாக வருகிறது. ஒரு தெருவில் இன்று, இன்னொரு தெருவில் அடுத்த மாதம். விசாரணை ஆணையம் அமைக்கும் அளவுக்கு எண்ணிக்கை ஒரே நாளில் சேர்வதில்லை. காவல் நிலையத்தில் அது "தவறி விழுந்து இறப்பு" என்ற ஒற்றை வரியோடு முடிகிறது. குறைந்தபட்சம் அந்த வரியோடு, தடுப்பின் உயரம் இவ்வளவு, கம்பி இடைவெளி இவ்வளவு, பிடிமானம் உறுதியா இல்லையா என்ற மூன்று குறிப்புகளைச் சேர்க்கும்படி காவல்துறைக்கு அறிவுறுத்தினாலே, ஓராண்டுக்குள் இந்நகரத்தின் உண்மை நிலை தெரிந்துவிடும்.

கள ஆய்வைப் பழையபடி எல்லா வீட்டுக்கும் கொண்டுவரச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. லஞ்சத்துக்கு இன்னொரு வாசல் திறப்பதாகவே முடியும். அதற்குத் தேவையும் இல்லை. சுயசான்று முறையையே பயன்படுத்திக்கொள்ளலாம். விலக்கு பெறும் கட்டடங்களின் பதிவு பெற்ற பொறியாளர், குடிபுகுவதற்கு முன், ஒவ்வொரு தளத்திலும் அளவுநாடாவை வைத்து எடுத்த கைப்பிடியின் ஒளிப்படத்தையும், அடித்தகடு கான்கிரீட்டில் இறுக்கப்பட்டதற்கான ஒளிப்படத்தையும் இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என்று ஒரு நிபந்தனை போதும். பொய்யான பதிவென்றால் உரிமம் போகும். பயன்பாட்டை வீட்டிலிருந்து கடைக்கு மாற்றும்போதும், தொழில் உரிமம் புதுப்பிக்கும்போதும் மாநகராட்சி இதையே கேட்கலாம். கூடவே, பரிந்துரைத் தன்மையிலுள்ள தேசிய விதித்தொகுப்பின் தடுப்பு அளவுகளை, இடைவெளிக்கு 100 மில்லிமீட்டர், கிடைமட்டக் கம்பிக்குத் தடை ஆகிய இரண்டையும் சேர்த்து, மாநில விதிகளிலேயே வெளிப்படையாக எழுதிவிடலாம். பழைய கட்டடங்களுக்குக் குடியிருப்போர் சங்கங்கள்தான் வழி. வண்ணம் பூசும் ஆண்டில் கிராதிகளையும் அசைத்துப் பார்க்கும் வழக்கத்தை அவை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். சங்கமே இல்லாத, வாடகைதாரர் மட்டுமே வாழும் கட்டடங்களில் இந்த யோசனை எடுபடாது. அங்கு உரிமையாளர்மீது கடமையை வைக்கும் நியூயார்க் வகை விதி தவிர வேறு வழி தெரியவில்லை.

புதிய அடுக்ககங்களில் குடியேறியவர்களுக்கு இன்றே ஒரு வழி திறந்திருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை சுட்டிக்காட்டப்பட்டால், கட்டுநர் 30 நாள்களுக்குள் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. சுவர் விரிசலுக்கும் நீர்க்கசிவுக்கும் இந்தப் பிரிவைப் பயன்படுத்துவோர், ஆடும் கிராதிக்கும் பயன்படுத்தலாம். பால்கனியில் டைல்ஸ் மேலிருந்து கைப்பிடி வரை அளந்து, எண்ணையும் ஒளிப்படத்தையும் சேர்த்து எழுத்துவழியே கட்டுநருக்கு அனுப்புவது முதல் படி. முப்பது நாள் கழிந்தும் பதில் இல்லையெனில், அதே கடிதம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கான புகாரின் முதல் இணைப்பாகிறது.